மேடம் சேர்மன்!

தங்கச்சி போன் பண்ணினால் விஷயம் இரண்டில் ஒன்றுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி, அல்லது எனக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை இரண்டும் இல்லை.

"அண்ணா, நோட்டை நீட்டி கையெழுத்துப் போடச் சொல்றாங்க. பக்கம் காலியா இருக்கு. போடட்டுமா?"

நான் ஓசூரில் ஆபீஸ் உத்தியோகஸ்தன். பென்சிலில் 'டிக்' எங்கே இருக்கிறதோ அங்கே கையெழுத்துப் போட்டே ஏழு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவன். "போட்டுட்டு வாம்மா. பிறகு எழுதிப்பாங்க" என்றேன், ரொம்ப அனுபவசாலி மாதிரி.

சாமல்பட்டி பக்கம் ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் அவள்தான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. சிரிக்காதீர்கள் சார், சட்டப்படி வந்த பதவி! 2009 கல்வி உரிமைச் சட்டம், குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது தலைவர் நாற்காலியையும் ஒரு அம்மாவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

நாற்காலி சரி. கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு! தங்கச்சி போவது மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு. கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி அவுட். அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்காக 1965-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதில் பெரிய தொகை வாங்கும் கல்வி மாவட்டங்கள், ஒரு சதவிகிதமாவது பெற்றோரை ஈடுபடுத்தவே ஒதுக்கணுமாம். இங்கே ஈடுபடுகிறவள் கைக்காசு போகிறது.

அன்று ராத்திரி மறுபடி போன்.

"போட்டியா?"

"போடலை. 'மொதல்ல எழுதுங்க டீச்சர்'னேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஏம்மா வம்பு?"

"நம்ம பாப்பா ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்லைண்ணா. குடிச்சா பாத்ரூம் போகணும், அங்க குழாய்ல தண்ணி வராது. சாயங்காலம் ஓடி வந்து வீட்டுலதான் போறா. ஒண்ணாவது படிக்கிற புள்ளை!"

நான் வாயைத் திறக்கவில்லை. மாசம் இரண்டு முறை ஊருக்குப் போகிறேன், பாப்பாவுக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுக்கிறேன். இதைக் கேட்டதே இல்லை.

அவள் கணக்கே வைத்திருந்தாள். பள்ளியில் 64 பிள்ளைகள். 31 முதல் 100 வரை இருந்தால் வருஷ மானியம் விதிப்படி 25,000 ரூபாய். அதில் பத்து சதவிகிதமாவது சுத்தம் சுகாதாரத்துக்கு. "அப்ப 2,500. ஒரு குழாய்க்கும் பைப்புக்கும் பத்தாதா?"

மானியம் பூராவும் ஒழுங்காக வந்து சேர்ந்தால் பத்தும். 2024-25-க்கு மத்திய அரசு தரவேண்டிய 2,152 கோடி நிற்கிறது என்று தமிழக அரசு 2025-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. கோடிகள் டில்லியில் முட்டிக்கொண்டால் கிராமத்தில் குழாய் சொட்டாது.

"டீச்சர் கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்லையே. 'நீங்களே சொல்லுங்கம்மா, எழுதறேன்'னாங்க. அவங்களும் பாவம், கேக்க ஆளில்லாமத்தான் காலியா நீட்டியிருக்காங்க. முதல் தீர்மானம் குழாய். ரெண்டாவது, கூட்டத்தை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வைக்கணும்னு மேல எழுதிக் கேக்கறது. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்."

திங்கட்கிழமை ஆபீசில் வழக்கம்போல ஃபைல் வந்தது. பென்சில் டிக்கும் இருந்தது. நான் முதல் பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன்.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?"