ஆலையின் மறைவில் இருந்தவன்

கர்த்தருடைய தூதனானவர் கிதியோனைப் பராக்கிரமசாலி என்று அழைத்தபோது, அவன் மீதியானியருக்குப் பயந்து ஆலையின் மறைவிலே கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தான். தன் குடும்பம் எளியது என்று சாக்குச் சொன்னான். தோலைப் போட்டு இரண்டுமுறை அடையாளமும் கேட்டான். (நாமாயிருந்தால் மூன்றாம் முறையும் கேட்டிருப்போம்!) ஆட்களை முந்நூறாகக் குறைத்தவர் கர்த்தர். அந்த முந்நூறு பேர் கையிலும் எக்காளத்தையும், வெறும்பானைக்குள் மறைத்த தீவட்டியையும் கொடுத்து, நடுஜாமத்தில் பாளயத்தைக் கலங்கடித்தவன் அந்தப் பயந்த மனுஷனே.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மூணாறு நினைவுக்கு வரும். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். மேடையேறி அறியாதவர்கள். ஆயினும், அதுவரை தங்களுக்காகப் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அருகே சேர்க்காமல், தாங்களே பேசத் துணிந்தார்கள். சுற்றுலா வாகனங்கள் ஓடும் சாலையைத் தெரிந்துகொண்டதும் விவேகமே. ஒன்பது நாட்களில், 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத்தொகையாகவும், கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. தினக்கூலி 500 ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் 301 ரூபாய்க்குத்தான் ஒப்பந்தமாயிற்று.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் நியாயாதிபதிகள் 6, 7 அதிகாரங்களை வாசியுங்கள். வீட்டில் மூணாற்றுப் பாட்டி இருந்தால், முதலில் அவரையே பேசச் சொல்லுங்கள்.