தாரமிழந்த கதாநாயகர்கள்

மாத நாவல்களை நானும் விரும்பிப் படிப்பவள்தான். ஆனால், கைக்குழந்தையோடு மனைவியை இழந்த கதாநாயகன் வந்துவிட்டால் எனக்குச் சலிப்பே மிஞ்சுகிறது. அவன் தேடுவது தன் பிள்ளைக்கொரு தாயை. தனக்கொரு துணையை அல்ல. இது காதலா, ஆயா வேலைக்கு ஆள் எடுப்பதா?

விளையாட்டு வீரர்களுக்குப் பஞ்சமில்லாத நம் வடசென்னையைப் பற்றிய கதைகளும் இந்த இடத்தைத் தொடவில்லை. 2016இல் வந்த 'இறுதிச் சுற்று' மீன் விற்கும் பெண்ணைக் குத்துச்சண்டை மேடையில் ஏற்றியது. அங்கே காதல் அரும்புவதோ ஆசான்மேல். அதை நட்பென்று சொல்ல மனம் வரவில்லை. 2021இல் பா. இரஞ்சித் தந்த 'சார்பட்டா பரம்பரை'யில் துறைமுகத் தொழிலாளி கபிலன் வீரனாகிறான். அற்புதமான படம்! ஆயினும் பிள்ளையைச் சுமப்பவள் மாரியம்மாதான். அவள் இல்லையென்றால், விடியற்காலைப் பயிற்சிக்கு அவன் போகும்போது பால் காய்ச்சுவது யார்?

நாவலாசிரியர்கள் எழுத வேண்டியது இதைத்தான் என்பேன். இராயபுரத்தில் தாயில்லாப் பிள்ளையோடு ஒரு குத்துச்சண்டை வீரன். எண்ணூரில் வேலை பார்க்கும் பள்ளித் தோழி, பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஷிப்டு முடிந்ததும் ஓடி வருகிறாள். அவன் தோற்று வந்தால் திட்டுகிறாள். ஒருநாள் அவன் காதலைச் சொல்லும்போது, "நான் வேண்டியது உனக்கா, உன் பிள்ளைக்கா?" என்று அவள் கேட்கட்டும். அவன் பதில் தேடித் தவிக்கும் பக்கங்களைப் படிக்கத்தான் நான் காத்திருக்கிறேன்.