மரத்தில் நமக்கு என்ன பங்கு?

உறுவையாற்றுப் பக்கம் வரப்பில் தேக்கு வைப்பவர் இருபது, இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வசதியுள்ளவர். குழி வெட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் சேரி ஆட்கள். அன்றைய கூலியோடு நம் கணக்கு முடிந்தது. மரம் விலைபோகும் நாளில் நமக்கு ஒரு சுள்ளிகூட இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணத்தில் 1892-இல் பஞ்சமி நில ஆணையாவது வந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நமக்கு அதுவும் கிடையாது.

2008-இல் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமானது. நல்லதுதான், பறவைக்கு இடம் கிடைத்தது. சரணாலயத்துக்கு வெளியே ஏரிக்கரை, ஆற்றங்கரைப் புறம்போக்கு எவ்வளவோ கிடக்கிறது. தண்ணீர் தேங்கினால் தேக்கு தாங்காது; நீர்மருது கால் நனைய நிற்கும், கரையையும் பிடிக்கும். நாவலும் இலுப்பையும் சேர்த்து நட்டால் மருது முற்றும்வரை பழமும் விதையும் கைச்செலவுக்கு ஆகும். தமிழ்நாட்டில் புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா தருகிறார்கள். அதுபோல் இங்கே நிலமற்ற தலித் பெண்கள் குழுக்களுக்கு மரப்பட்டா தரவேண்டும். கூடுள்ள மரத்தைத் தொடமாட்டோம். குஞ்சு பறந்தபின் முற்றியதை மட்டும் வெட்டி, அங்கேயே கன்று வைப்போம்.

நிலம் வேண்டாமா என்பார்கள். அதையும்தான் கேட்கிறோம்.