அடிக்கிற கைதான் அணைக்குமா?

உங்கள் வீட்டில் டீன்-ஏஜ் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செல்போனும் கையுமாக மூலையில் உட்கார்ந்துகொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருப்பான். (அல்லது, சிரித்துக்கொண்டிருப்பாள்.) எட்டிப் பார்த்தால் பெரிய பெரிய கண்கள், ரோஜா நிறத்தில் தலைமுடி, கையில் மந்திரக்கோல். 'ப்பூ, கார்ட்டூன்தானே!' என்று நீங்களும் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவீர்கள்.

கார்ட்டூன்தான். ஆனால், யாருக்காக எடுத்த கார்ட்டூன்?

'ஸீரோ நோ சுகைமா' என்று ஒரு ஜப்பானியத் தொடர். நோபோரு யமகுச்சி என்ற எழுத்தாளர் 2004-ல் ஆரம்பித்த நாவல் வரிசையை வைத்து, 2006-ல் ஜே.சி. ஸ்டாஃப் என்ற நிறுவனம் எடுத்தது. 2012 வரை டி.வி.யில் நான்கு பாகங்கள், 49 எபிசோடுகள். மந்திரப் பள்ளிக்கூடம், அங்கே ஒரு காதல் என்று இப்போது வருகிற பல தொடர்களில் இதன் சாயலைப் பார்க்கலாம். ஜப்பானிலேயே இதை ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் ஒளிபரப்பினார்கள். இங்கே சாயந்திரம் நாலரை மணிக்கு, டிபனோடு சேர்த்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது!

கதை இதுதான். லூயிஸ் என்று 16 வயதுப் பெண். பெரிய பிரபு வீட்டுப் பெண், ஆனால் மந்திரம் மட்டும் வரவே வராது. எந்த மந்திரத்தைச் சொன்னாலும் 'டமால்' என்று வெடித்துவிடும். வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் 'ஸீரோ'. இரண்டாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் ஏவல் பிராணியை வரவழைக்க வேண்டும். ஒருத்திக்கு டிராகன் வருகிறது, ஒருத்திக்கு நெருப்புப் பல்லி. லூயிஸுக்கு? டோக்கியோவிலிருந்து சைட்டோ என்ற சாதாரணப் பையன் வந்து விழுகிறான்! ஒரு முத்தம் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இடது கையில் எரிச்சலோடு ஒரு முத்திரை விழுகிறது, அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த 'ஸீரோ' விஷயம் அபாரம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நெருப்பு, நீர், காற்று, மண் என்று நாலு வகை மந்திரம்தான் பாடம். லூயிஸ் நாலிலும் ஃபெயில். மக்கு என்று முத்திரை குத்தியாயிற்று. கடைசியில் பார்த்தால், எல்லோரும் மறந்தே போன ஐந்தாவது வகை, 'சூனியம்' என்கிற மந்திரம், அவளிடம்தான் இருக்கிறது. அதற்கு அங்கே பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. அவர்கள் கேலியாகச் சொன்ன ஸீரோவேதான் அவளுடைய சக்தி! மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கரித்துக்கொட்டுகிற நாம் பார்க்க வேண்டிய கதை இது. 'உன் பையன் ஏன் இதைப் போய் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறான்' என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவனையும் யாராவது, எங்காவது, ஸீரோ என்று சொல்லியிருப்பார்கள்.

இனி, என்னால் சிரிக்க முடியாத பகுதி.

லூயிஸ் அந்தப் பையனை 'நாய்' என்றுதான் கூப்பிடுகிறாள். வைக்கோல் மேல் படுக்க வைக்கிறாள். எல்லோரும் மேஜையில் சாப்பிட, அவனுக்குத் தரையில் சூப்பும் ரொட்டியும். அவள் துணியை அவன்தான் துவைக்க வேண்டும். வேறு பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டானா... சவுக்கை எடுத்துக்கொண்டு விளாசு விளாசு என்று விளாசுகிறாள். உதைக்கிறாள், வெடி வைக்கிறாள். பின்னணியில் 'டொய்ங்' என்று காமெடி மியூசிக்! ஏன் அடிக்கிறாள்? மனசுக்குள் அவன் மேல் ஆசையாம். வெளியே சொல்ல வெட்கமாம்.

இந்த மாதிரிக் கதாநாயகிக்கு ஜப்பானில் தனிப் பெயரே உண்டு: 'ட்சுண்டெரே'. வெளியே வெடுக் வெடுக்கென்று, உள்ளே ஒரே குழைவு. லூயிஸுக்குக் குரல் கொடுத்த ரியே குகிமியா என்ற நடிகை இதே நிறுவனத்தின் 'ஷகுகான் நோ ஷானா' (2005), 'டொராடொரா' (2008) தொடர்களிலும் இதே ரகப் பெண்களுக்குக் குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு மயங்கிக் கிடப்பதை ரசிகர்களே வேடிக்கையாகக் 'குகிமியா வியாதி' என்கிறார்கள். நாம் வைத்த பெயர் இல்லை, அவர்களே வைத்துக்கொண்டதுதான்!

நாம் ஜப்பானைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பழமொழி வைத்திருப்பவர்கள் நாம். ஹீரோ பளாரென்று ஓர் அறை விட்டதும் ஹீரோயினுக்குக் காதல் வந்துவிடுகிற சினிமாவைக் கைதட்டிப் பார்த்தவர்கள். இங்கே அடிப்பது பெண், வாங்குவது பையன், அதனால் தமாஷ். ஆளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சைட்டோ சவுக்கை எடுக்கிறான், லூயிஸ் தரையில் சாப்பிடுகிறாள்... உடனே செல்போனைப் பிடுங்கிவிட மாட்டீர்களா? பையனுக்கும் வலிக்கும் சார். 'என் கேர்ள்ஃபிரெண்ட் அடிக்கிறா' என்று ஒரு 17 வயதுப் பையன் வாய்விட்டுச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். அதனால் சொல்லவே மாட்டான். 'அவன் என்னை அடிக்கிறான், ஆனால் ரொம்பப் பிரியம்' என்று ஒரு பெண் சொல்வாள். இரண்டுமே ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

கதைக்குள்ளேயே காரணமும் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். இரண்டாம் பாகத்தில் லூயிஸின் வீட்டைக் காட்டுகிறார்கள். மூத்த அக்கா எலெயோனோர் அவள் கன்னத்தைப் பிடித்துத் திருகுகிறாள். அம்மா என்றால் வீடே நடுங்குகிறது. அங்கே வாங்கினதைத்தான் இவள் இங்கே கொடுக்கிறாள். ஆனால் தொடர் அதையும் ஒரு ஜோக்காகவே தாண்டிப் போய்விடுகிறது.

இதே தொடரில் நான் மெச்சுகிற இடமும் ஒன்று உண்டு. முதல் பாகத்தில், வேறொருத்தி தன் காதலனுக்காகத் தயாரித்த வசிய மருந்தை லூயிஸ் தவறுதலாகக் குடித்துவிடுகிறாள். சைட்டோவையே சுற்றிச் சுற்றி வருகிறாள். அவனுக்கும் அவள் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும், சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளாமல் மாற்று மருந்தைத் தேடிப் போகிறான். மயக்கத்தில் சொல்கிற 'சரி' சரியே ஆகாது என்பதை உங்கள் பிள்ளைக்கு நீங்களும் நானும் உட்கார வைத்துச் சொன்னால் நெளிவார்கள். ஒரு கார்ட்டூன் பையன் செய்து காட்டிவிடுகிறான். இரண்டாம் பாக முடிவில் அவளைத் தூங்க வைத்துவிட்டு, 70,000 பேர் கொண்ட சேனையை அவன் தனியாக எதிர்க்கப் போவதைவிட எனக்கு இதுதான் பெரிய வீரம்.

இன்னொன்று. இதில் பெண் பிள்ளைகளைக் காமிரா பார்க்கிற பார்வை சரியில்லை. குளியல் காட்சி, உள்ளாடை ஜோக் என்று வந்துகொண்டே இருக்கும். எத்தனையாவது எபிசோடு என்று பார்த்து ஒதுக்க முடியாத அளவுக்கு! ஆறாவது, ஏழாவது படிக்கிற குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். 16 வயதுக்கு மேல் என்றால் பார்க்கட்டும், ஆனால் உங்களுக்குத் தெரிந்து பார்க்கட்டும். ஓ.டி.டி.யில் 2021-ம் வருஷ விதிகளின்படி 'யு/ஏ 13+', 'யு/ஏ 16+' என்று வயது போட்டிருப்பார்கள். கண்ட கண்ட வெப்சைட்டில் பார்த்தால் அதுவும் இருக்காது.

(யமகுச்சி 2013-ல் புற்றுநோயால் காலமானார். வயது 41தான். மீதிக் கதைக்கு அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து, 2017-ல் 22-வது புத்தகத்தோடு வரிசையை முடித்தார்கள்.)

செல்போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நண்பன் வீட்டில் பார்ப்பான். அந்த வசிய மருந்துக் கதை வரும்போது மட்டும் ஒரு தட்டு பஜ்ஜியோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். பிரசங்கம் வேண்டாம். அடுத்த தடவை லூயிஸ் சவுக்கை எடுக்கும்போது, 'ஏண்டா, இவன் ஏன் இன்னும் இவளோடயே இருக்கான்?' என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.