பனிமலை ட்ரெக் போறீங்களா? உச்சியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சரிவைப் பாருங்க!

காரைக்கால் அம்மையார் கயிலாய மலையைத் தலையாலேயே நடந்து ஏறினார், பிறகு திருவாலங்காட்டுக்கு வந்து தங்கினார் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. இன்னிக்கு அதே திருவாலங்காடு ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நிற்கும்போது, ரீல்ஸ்ல கேதார்காந்தா பனி உச்சி 'வா வா'ன்னு கூப்பிடுது. திருத்தணி 365 படி ஏறின தைரியத்துல உடனே புக் பண்ணிடாதீங்க. அங்கே மூச்சு வாங்குறது மட்டும் பிரச்னை இல்லை, காலுக்குக் கீழே இருக்கும் பனியும்தான்.

யாரையும் விடாது

2022 அக்டோபர் 4, உத்தரகாண்ட்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரம். மலையேற்றப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் கிடைத்தன. 2 பேரைக் காணவில்லை. பயிற்சியாளர்களோடு போன குழு அது! அடுத்த ஏப்ரலில் சிக்கிமின் நாதுலா ரோட்டில் 7 சுற்றுலாப் பயணிகள் பலி. பாஸ் 13-வது மைல் வரைதான். சரிவு விழுந்தது 15-வது மைலில்.

ஏன் சரியுது?

பனி ஒரே கட்டியாக இருக்காது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. நடுவில் சர்க்கரை மாதிரி உதிரும் பலவீனமான அடுக்கு ஒன்று இருந்தால், மேலே இருக்கும் பனி ஒரே பலகையாக வழுக்கி வரும். அதை உசுப்பிவிட ஒரு ஆளின் எடையே போதும். 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் அதிக ஆபத்து. நம்ம வீட்டு மாடிப்படி சாய்வே கிட்டத்தட்ட 30 டிகிரிதான். உங்க போன்லயே சாய்வை அளக்கலாம்.

புதுப்பனி கொட்டிய அடுத்த 24 மணி நேரம், பலத்த காற்று, திடீர் வெயில் மூன்றுமே எச்சரிக்கை. காலடியில் 'வூம்'னு சத்தம் வந்தாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ அந்தச் சரிவை விட்டு விலகுங்க. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். அரை மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து உதவி வர அதைவிட நேரமாகும். அதனால் பக்கத்தில் நடப்பவரிடமே சிக்னல் கருவி, நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்கணும்.

முன்னாடியே சொல்றாங்க

சண்டிகரில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ-வின் டி.ஜி.ஆர்.இ நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கம் மாணாவில் 54 தொழிலாளர்கள் சிக்கி, 8 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலையே சமோலி மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. அவங்க வேலைக்காக அங்கே தங்கியிருந்தவங்க. உங்களுக்குப் போகாம இருக்கிற சாய்ஸ் இருக்கு.

அதனால் புக் பண்றதுக்கு முன்னாடி ட்ரெக் கம்பெனியிடம் மூணு கேள்வி கேளுங்க: தினமும் எச்சரிக்கையைப் பார்ப்பீங்களா? மீட்புக் கருவி எல்லார்கிட்டயும் இருக்குமா? பனி சரியில்லைன்னா பாதியில் திரும்புவீங்களா, பணம் என்னாகும்? மூணாவதுக்கு மழுப்பினால், வேற ஆளைப் பாருங்க. 'காசு கட்டியாச்சே'ன்னு எடுத்து வைக்கிற அடிதான் பல நேரம் தப்பான அடி.