கரும்பு எங்கிருந்து வந்தது?

நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் நடப்பதைப் பொங்கல் விழா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தமிழ் சினிமாவில் பார்த்த ஒரு கிராமத்தின் செட். நாம் வேட்டி கட்டி நடிக்கிறோம். வெளிநாட்டு மாணவர்கள் கைதட்டுகிறார்கள். இதைச் சொன்னால், 'இதையாவது செய்யறாங்களேன்னு சந்தோஷப்படுங்க' என்பார்கள். சந்தோஷப்பட்டுச் சந்தோஷப்பட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம்.

இந்த விழா எப்படி உருவாகிறது என்பது மாணவர் இயக்கங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதலில் கெர்தாஸ் கெர்ஜா. அதில் 'அனைத்துலக மாணவர் பங்கேற்பு' என்று ஒரு வரி இருந்தால் அனுமதியும் பணமும் சுலபம். அதனால் சீனா, வங்காளதேசம், இந்தோனேசியா, ஏமன் என்று மாணவர்களைத் தேடிப் பிடிக்கிறோம். ஜனவரியில் தேர்வு வந்தால் பொங்கல் மாசிக்குத் தள்ளிப்போகும். விறகு எரிக்க அனுமதி கிடைக்காது. கார் நிறுத்துமிடத்தில் கேஸ் அடுப்பு. நான் படித்த காலத்தில் ஒரு வருடம் விஐபி வந்து சேர முக்கால் மணி நேரம் தாமதம். அதுவரை பால் பொங்கிவிடக் கூடாதே என்று ஒரு தம்பி குனிந்து குனிந்து நெருப்பைக் குறைத்துக்கொண்டே இருந்தான். பொங்குவதற்காக வைத்த பானையைப் பொங்கவிடாமல் காவல் காத்தவர்கள் உலகத்திலேயே நாமாகத்தான் இருப்போம்.

அன்று மேடையில் பாலிஸ்டைரீனில் செய்த மாட்டு வண்டி, ஓலைக் குடிசை. அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் வாசித்தார்: நமக்குச் சோறு போடும் உழவருக்கு நன்றி சொல்லும் நாள் இது, நாம் உழவர் பரம்பரை. பக்கத்தில் நின்ற வங்காளதேச மாணவர் என்னிடம் கேட்டார்: "உங்க தாத்தாவுக்கு எவ்வளவு நிலம் இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. அந்த மாட்டு வண்டியைப் பார்த்தவர் வேறென்ன கேட்பார்?

என் தாத்தாவுக்கு நிலம் இல்லை. நம்மில் பெரும்பாலோரின் தாத்தாவுக்கும் இல்லை. போதுமான நிலம் இருந்திருந்தால் கப்பல் ஏறியிருக்க மாட்டார்கள். இங்கே வந்து அவர்கள் வெட்டியது கித்தா மரம். குடியிருந்தது லயத்து வீடு. அதுவும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ படிக்க வந்திருக்கும் ஒரு மாணவருக்கு நாம் சொல்ல வேண்டிய பொங்கல் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தஞ்சாவூர் வயலைப் பற்றிச் சொல்ல தஞ்சாவூர்க்காரர்கள் இருக்கிறார்கள். லயத்து வாசலில் வைத்த பொங்கலைப் பற்றிச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பானைக்குப் பக்கத்தில் கட்டும் கரும்பையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு மாணவர்களிடம் 'இனிமையின் அடையாளம்' என்று சொல்லிவிட்டு அடுத்த அங்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் மலாயாவில் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக வேலைக்கு இறக்கிய முதல் பயிர்களில் ஒன்று அதே கரும்புதான். ரப்பருக்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டில், இன்றைய செபராங் பிறையிலும் கிரியானிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ஓடிப்போவது தண்டனைக்குரிய குற்றம். அந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணி முறையில் ஆட்கள் வருவதும் தொடர்ந்தது. நிபோங் திபால் பக்கம் கரும்பு வெட்டியவரின் வாரிசு கரும்பைத் தோளில் சாய்த்து செல்ஃபி எடுக்கலாம், தப்பே இல்லை. ஆனா அது என்ன கரும்புன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கணும்.

அடுத்து, பால். தோட்டத்துத் தமிழில் 'பால்' என்றால் மரத்துப் பாலும்தான். 'பால் எடுக்கப் போறேன்' என்றால் மங்கில் வடிந்ததை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். சூரியன் உதிக்கும் நேரம் பானைக்கும் உரிய நேரம், மரத்துக்கும் உரிய நேரம். என் பாட்டி சொல்வார்: "பொங்க வெச்சா அன்னிக்குச் சம்பளம் இல்ல. வெக்கலைன்னா மனசு கேக்காது." ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து வைத்த பொங்கல் அது. இன்றுவரை மலேசியாவில் பொங்கல் பொது விடுமுறை கிடையாது. இந்த ஒரே விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். எந்த நாட்டு மாணவராக இருந்தாலும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

'உழவருக்கு நன்றி' என்கிறோமே, எந்த உழவருக்கு? நம் பானையில் வேகும் அரிசி கெடாவிலோ பெர்லிசிலோ செகிஞ்சானிலோ விளைந்திருக்கும். இல்லையென்றால் வியட்நாமிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வந்திருக்கும். நாம் விட்டு வந்த தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும் பகுதி இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நம் விழாவில் கைதட்டும் மாணவரின் ஊர்க்காரர் ஒருவர், நம் தாத்தா நடந்த அதே மண்ணில் இன்று குலை வெட்டிக்கொண்டிருக்கலாம். இதைவிடப் பெரிய உறவு என்ன வேண்டும்? நாமோ அவருக்கு உறியடிக் கம்பைக் கொடுத்துக் கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

அவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது, அதையும் கேட்பதில்லை. நம் பொங்கலை ஒட்டி வங்காளத்தில் பௌஷ சங்கராந்தி வருகிறது. அரிசி மாவிலும் பேரீச்சை வெல்லத்திலும் 'பிட்டா' செய்கிறார்கள். பழைய டாக்காவில் பட்டம் விடுகிறார்கள். இன்னும் கிட்டே வருவோம்: சபாவில் மே கடைசியில் காமாத்தான், சரவாக்கில் ஜூன் தொடக்கத்தில் காவாய். இரண்டும் உண்மையிலேயே இந்த நாட்டு நெல்லோடு வளர்ந்த அறுவடை விழாக்கள். நம் விடுதியிலேயே கடசானும் இபானும் இருக்கிறார்கள். அவர்களை மேடைக்கு அழைத்து, 'உங்க ஊர்ல புது அரிசியை என்ன செய்வீங்க?' என்று ஒரு வருடமாவது கேட்டிருக்கிறோமா?

இன்னொரு நழுவலும் உண்டு. 2020 ஜனவரியில் பொங்கலைச் சமய விழா என்று குறிப்பிட்ட கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று, முஸ்லிம் மாணவர்கள் அதில் கலந்துகொள்ளலாமா என்ற சர்ச்சையைக் கிளப்பியது. அதிலிருந்து 'இது கலாச்சாரம் மட்டுமே' என்பது நம் மந்திரம். பயத்தில் சூரியனைக்கூட அறிமுக உரையிலிருந்து எடுத்துவிட்டோம். உண்மை இன்னும் அழகானது. சில வீடுகளில் சூரியனுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். தமிழ்க் கத்தோலிக்கத் தேவாலயங்களில் பொங்கல் பூசை நடக்கும். எதையும் கும்பிடாமல் பானை மட்டும் வைப்பவர்களும் உண்டு. இதை அப்படியே சொன்னால் வந்தவர் தனக்கு எது சரி என்று தானே முடிவு செய்துகொள்வார். அவர் பெரியவர்தான்.

'பண்டிகை நாளில் எதுக்குப்பா கூலிக் கதை? ஜாலியா இருந்துட்டுப் போகட்டுமே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாட்டியின் கதையை நான் அழுகைக் கதையாகக் கேட்டதில்லை. அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதை அழுகையாக்கி மூடி வைத்தது நாம்தான்.

மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. மாட்டு வண்டிக்குச் செலவழிக்கும் காசில் பத்து மங்குகளும் ஒரு பால் வாளியும் தேடிக் கொண்டுவந்து மேசையில் வைக்கலாம். மரம் வெட்டிய ஒரு பாட்டியையோ அத்தையையோ அழைத்துப் பானை வைக்கச் சொல்லலாம்; மொழிபெயர்க்க ஒரு மாணவர் போதும். விஐபி வராவிட்டாலும் பாலைப் பொங்கவிடலாம்.

வெளிநாட்டு மாணவர் ஒரு செமஸ்டர் இருந்துவிட்டுப் படங்களோடு ஊர் திரும்பிவிடுவார். அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. அதே கூட்டத்தில் நிற்கும் நம் முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் போவதற்கு வேறு இடம் இல்லை. அவர்களில் பலர் தோட்டத்தைப் பார்த்ததே கிடையாது. விருந்தாளிக்காக எழுதிய அந்த ஆங்கில உரையைத்தான் அவர்களும் தங்கள் வரலாறு என்று நம்பி வளர்கிறார்கள்.