நீளும் அறையை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

ஈப்போவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கும் அவருடைய தம்பி, பிள்ளைகளின் விடுமுறையில் ஊர் சுற்றுவதற்குப் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை விலைபேசி வைத்திருக்கிறாராம். அதில் ஓர் அறையே மோட்டாரில் வெளியே நீளுமாம். பணம் போதாமல் அக்காவிடம் கேட்டிருக்கிறார். "என் சேமநிதிப் பணத்திலிருந்து கொடுக்க நினைக்கிறேன். அந்த அறை பாதியில் நின்றுவிட்டால் என்ன கதி? நம்பலாமா, ஐயா?" என்று கேட்கிறார்.

நியாயமான பயந்தான், சகோதரி. வெளியே வந்த அறை உள்ளே போகாவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு வீடு திரும்ப முடியாது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிராவல் டிரெய்லர் என்பது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு. நாம் கேரவன் என்போம். அமெரிக்காவில் வண்டியின் அகலம் பொதுவாக எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. அதற்குள் கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் வைத்தால் ஒருவர் நடக்க இன்னொருவர் ஒதுங்க வேண்டும். லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை! அதற்காகத்தான் இந்த அறை. ஓடும்போது உள்ளே அடங்கியிருக்கும். நிறுத்தியபின் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி வெளியே வரும். இண்டியானா மாநிலத்து நியூமார் நிறுவனம் 1990 வாக்கில் இதைத் தன் வண்டிகளில் வைத்தபின் மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

அறையைத் தள்ளும் முறை எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. சிலவற்றில் அடிச்சட்டத்தில் பல் வைத்த இரும்புச் சட்டமும் பற்சக்கரமும் இருக்கும். முரட்டு வேலைப்பாடு, பழசானாலும் சரிசெய்வது எளிது. எனக்குப் பிடித்தது அதுதான். சிலவற்றில் எண்ணெய் அழுத்தம், சிலவற்றில் கம்பி வடம். முன்னதில் கசிவையும் பின்னதில் நைந்த இழையையும் பார்க்க வேண்டும். ஷ்வின்டெக் என்ற வகையில் அறையின் இரு பக்கமும் சுவருக்கு ஒன்றாகச் சிறு மோட்டார்கள் உண்டு. இரண்டும் ஒத்து ஓட வேண்டும். ஜோடி மாட்டில் ஒன்று முந்தினால் வண்டி என்ன ஆகும்? அதேபோல் அறை கோணிக்கொண்டு சிக்கும். இந்த வகையைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டக் கூடாது. முழுக்க வெளியே போய் நின்ற பிறகும் சில விநாடிகள் பொத்தானை அழுத்தியிருந்தால்தான் இரண்டும் மறுபடி ஒத்துவரும்.

மோட்டார் போய்விட்டது என்று சொல்வார்கள். பல சமயம் குற்றவாளி பேட்டரிதான். நான் லோரிப் பட்டறையில் இருந்த நாளில், ஸ்டார்ட்டர் செத்துவிட்டது என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். பேட்டரி முனையில் பூத்த பச்சையைச் சுரண்டியதும் ஓடும். இந்த அறை ஓடுவதும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான். ஆகவே வெளி மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, வண்டியின் பேட்டரியிலேயே அறையை இரண்டு தடவை முழுக்க வெளியேயும் உள்ளேயும் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். தம்பி வெளியே நின்று, மேலும் கீழும், இடமும் வலமும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்கட்டும். மின்சாரம் இல்லாதபோது கையால் அறையை உள்ளே தள்ளும் வழி எது, அதற்கான கைப்பிடி வண்டியில் இருக்கிறதா என்பதையும் கேட்கட்டும்.

ஆனால் மோட்டாரைவிட எனக்குப் பெரிய பயம் தண்ணீர்தான். மோட்டாரை மாற்றலாம். அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால், மழைநீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். தரை பெரும்பாலும் பலகைத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஓரம் ஊறினால் பிஸ்கட்டு மாதிரி உதிர்ந்துவிடும். பிறகு உருளை எதன்மேல் ஓடும்? புது மோட்டார் போட்டாலும் அறை சாய்ந்துதான் நிற்கும். விற்பவர் அதன்மேல் புதுக் கம்பளம் விரித்திருப்பார். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, நீளும் அறையின் நான்கு மூலைகளிலும் குதிகாலால் அழுத்திப் பார்க்கட்டும். பிறகு அடியில் படுத்து, டார்ச்சு விளக்கில் பலகையின் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கட்டும். கறுத்த கறையும் பூஞ்சை நாற்றமும் பொய் சொல்லாது.

தரை கெட்டியாக இருந்து, மோட்டார் மட்டும் சோர்ந்திருந்தால், பழுதுக்கான செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். மூலை அமிழ்ந்தால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விற்பவர், "இன்று பேட்டரி இல்லை, நாளைக்குக் காட்டுகிறேன்" என்றால் சரி என்று சொல்லிவிட்டு வரட்டும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்க் கதவைத் தட்டட்டும்.